ராஜாம்பாளின் காலி நேரங்கள்

கேட்டின் கொக்கியில் கை வைத்துக்கொண்டு ராஜாம்பாள் தெருவில் உள்ள தலைகளை எண்ணுகிறாள். குழாயடியில் இரண்டு, மாவு மில் வாசலில் மூன்று, சைக்கிளில் மீன் கொண்டுவருபவரைச் சுற்றி நான்கு. மொத்தம் ஒன்பது. கொக்கியிலிருந்து கையை எடுத்துவிட்டு, செருப்பைக் கூடக் கழற்றாமல் பிளாஸ்டிக் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொள்கிறாள். "மீன்காரு போவட்டும். நாம என்னா கோட்டையப் புடிக்கவா போறோம்" என்கிறாள், உள்ளே இருக்கும் கணவருக்குக் கேட்கும்படி. ஐந்துக்கு மேல் தலைகள் தெரிந்தால் அவள் தெருவில் இறங்குவதில்லை. இந்த ஐந்தை எந்த டாக்டரும் சொல்லவில்லை, அவளாக வைத்துக்கொண்டதுதான்.

வயது ஐம்பத்திரண்டு. வீடு விருத்தாசலத்தில், ஆலடி ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் ஒரு தெருவில். பத்தொன்பது வருஷம் பீங்கான் கம்பெனியில் வேலை பார்த்தாள். இடது மார்பில் கட்டி வந்து, பாண்டி ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் முடிந்து, இப்போது கீமோ நடக்கிறது. இருபத்தோரு நாளுக்கு ஒன்றாக எட்டு ஊசி. ஐந்து முடிந்துவிட்டது. மீதி மூன்றை நினைத்தால் மலைப்பாக இருப்பதால் அதை நினைப்பதில்லை என்று வைத்திருக்கிறாள். வெங்காயம் உரிப்பதற்கே இரண்டு முறை உட்கார வேண்டியிருக்கிறது. வாயில் எதைப் போட்டாலும் பழைய சாவியைச் சப்பிய மாதிரி இருக்கிறதாம். எப்போதும் யாரோ அடித்துப் போட்டது போன்ற அசதி.

இத்தனை அசதியிலும் அவள் வெளியே போவதை விடவில்லை. கையில் ஒரு ஒயர் கூடை போகும். காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் பாட்டில், சொந்த டம்ளர், சோப்பு டப்பா, கையில் தேய்த்துக்கொள்ளும் மருந்து, மாற்று மாஸ்க் இரண்டு, உட்காரும் இடத்தில் விரிக்கப் பழைய பேப்பர், கணவரின் மூக்குக்கண்ணாடிப் பெட்டிக்குள் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர். கூடவே ஒரு கறுப்புக் குடை. அந்தக் குடை வெயிலுக்கும் இல்லை, மழைக்கும் இல்லை. "விரிச்சிக்கிட்டு நடந்தா ரெண்டு முழத்துக்கு ஒருத்தரும் அண்ட மாட்டாங்க. கம்பி கண்ணுல குத்திடும்னு பயம் இருக்குமில்ல" என்கிறாள். வானம் மூடாக்கு போட்ட நாளிலும் குடையோடு போகும் அவளைப் பார்த்துத் தெருவில் சிலர் சிரிக்கிறார்கள். சிரிப்பவர்கள் தள்ளி நின்று சிரிக்கிறார்கள் என்பதால் அவளுக்கு அதில் வருத்தம் இல்லை.

ஊர் எப்போது கூடுகிறது என்று எல்லோருக்கும் தெரியும். எப்போது காலியாகிறது என்பது ராஜாம்பாளுக்குத்தான் தெரியும். தபால் ஆபீஸ் மத்தியானம் இரண்டரைக்குக் காலி. ரேஷன் கடையில் பருப்பு தீர்ந்துபோன மறுநாள் ஈ காக்கை இருக்காது, அரிசி மட்டும் வாங்கிக்கொள்ளலாம். பாலக்கரை மருந்துக் கடைக்குப் பதினொன்றேகால். பழமலைநாதர் கோயிலுக்கு நடை சாத்துவதற்குக் கால் மணி நேரம் முன்னால் போவாள். கொடிமரத்துக்கு அருகிலேயே நின்று கும்பிடுவாள், தீர்த்தம் வாங்க மாட்டாள். "சாமிக்குத் தெரியும், நான் ஏன் கிட்ட வரலன்னு. ஜனங்களுக்குத்தான் வெளக்கம் சொல்ல வேண்டியிருக்குது" என்பது அவள் பேச்சு. கடைசி ஆளாக வந்து அரைகுறையாகக் கும்பிட்டுப் போவதற்கு வேறு யாரும் இவ்வளவு திட்டம் போட மாட்டார்கள்.

ஒரு காலத்தில் இதே ராஜாம்பாள் கூட்டம் இருக்கும் இடத்தில்தான் இருப்பாள். கல்யாண வீட்டில் முதல் பந்திக்கும் கடைசிப் பந்திக்கும் நடுவில் அவள் குரல் ஓயாது. சாவு வீடு என்றால் இன்னும் ஒரு படி மேல். தெருமுனையில் ஆட்டோவை விட்டு இறங்கும்போதே கை பின்னந்தலைக்குப் போய்விடும். தேங்காய் அளவுக் கொண்டை அவிழ்ந்து முதுகில் விழும். அங்கிருந்தே குரலெடுத்து அழுதுகொண்டு போய், பறிகொடுத்தவளின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள் என்றால் அந்த அம்மாள் அழுது முடித்து ஓயும்வரை பிடியை விடமாட்டாள். சும்மா கைகூப்பிவிட்டு வந்து நாற்காலி தேடுகிறவர்களைக் கண்டால் அவளுக்குப் பிடிக்காது. "தொட்டு அழுவாத அழுவை என்னா அழுவை" என்று முகத்துக்கு நேரே கேட்டிருக்கிறாள்.

அந்தக் கொண்டை இப்போது இல்லை. இரண்டாம் ஊசிக்குப் பிறகு தலையணை முழுக்க முடியாகக் கிடந்த அன்று, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கணவரின் ரேசரால் அவளே மழித்துக்கொண்டாள். மகள் சுபாஷினியின் பழைய துப்பட்டாவை இரண்டாகக் கிழித்து, பின்னந்தலையில் முடிச்சுப் போட்டுக் கட்டியிருக்கிறாள். தூங்கும்போதும் அவிழ்ப்பதில்லை. பீரோக் கண்ணாடியின் மேல் காலண்டரை மாட்டிவிட்டாள். கணவர் கோவிந்தசாமி இன்று வரை அந்தத் தலையைப் பார்த்ததில்லை. சேத்தியாத்தோப்பில் கட்டிக்கொடுத்த மகள் ஒருமுறை ஆசையாகக் கை வைக்கப் போனபோது, கரண்டியை ஓங்கிவிட்டாள்.

பாண்டியில் ஊசி போடும் வார்டில் அன்பரசி என்று ஒரு நர்ஸ். ஊசி போட்ட ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்துவிடும், சாதாரண சளி கூட உள்ளே புகுந்து ஆளைச் சாய்த்துவிடும் என்று காலண்டரில் கோடு போட்டுக் காட்டியவள் அவள்தான். நூறு டிகிரியைத் தாண்டினால் விடியட்டும் என்று காத்திருக்காமல் கிளம்பி வரவேண்டும் என்றும் சொல்லியிருக்கிறாள். ராஜாம்பாள் இதைத் தன் பாஷையில் மாற்றி வைத்திருக்கிறாள். அந்த எட்டு நாளுக்கு அவள் வைத்த பெயர் 'வாட்ச்மேன் லீவு'. யாராவது வீட்டுக்கு வருகிறேன் என்று போன் செய்தால், "இப்ப வராதீங்க, எங்க வாட்ச்மேன் லீவுல போயிருக்கான்" என்பாள். பாதிப் பேர் அவள் வீட்டுக்கு வாட்ச்மேன் வைத்திருப்பதாகவே நினைத்தார்கள்.

இந்தக் கட்டுப்பாடெல்லாம் முதல் ஊசியின்போது கிடையாது. அப்போது ஒரு தப்பு செய்தாள். மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில், தனக்கு நேர்ந்த குறையைச் சாமிக்குப் புகார் மனுவாகவே எழுதிக் கட்டுவார்கள். பிராது கட்டுவது என்று பெயர். இன்ன தெரு, இன்னார் மனைவி, எனக்கு இந்த நோயைக் கொடுத்தது யாரென்று விசாரித்து நீதி வழங்கவும் என்று ஒரு முழுப் பக்கம் எழுதி எடுத்துக்கொண்டு, ஊசி போட்ட ஒன்பதாம் நாள் கிளம்பிவிட்டாள். அன்றைக்குக் கிருத்திகை. போனதில் ஒன்றுமில்லை. திரும்பி வரும் டவுன் பஸ்ஸில் நிற்க இடமில்லாமல் நசுங்கி, பக்கத்தில் ஒருத்தி ஊர் வந்து சேரும்வரை இருமிக்கொண்டே வந்தாள். மூன்றாம் நாள் நூற்று மூன்று காய்ச்சல். எட்டு நாள் பாண்டியில் தனி அறையில் கிடந்தாள். பிழைக்க மாட்டாள் என்று ஒரு நாள் மாலை கோவிந்தசாமி மகளை வரச் சொல்லிவிட்டார். இன்று கேட்டால், "பிராது குடுக்கப் போயி கேஸு நம்ம மேலயே திரும்பிடுச்சி" என்று சிரிக்கிறாள். சிரித்து முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுகிறாள்.

அந்த எட்டு நாளும் ஆஸ்பத்திரி வராந்தாவில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவள் பெரியநாயகி. கம்பெனியில் பத்தொன்பது வருஷமும் இருவரும் எதிரெதிர் உட்கார்ந்து வேலை செய்தவர்கள். அச்சிலிருந்து எடுத்துக் காயவைத்த கப்புகளின் விளிம்பைக் கத்தியால் சுரண்டி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்து வைப்பது வேலை. மாவு மாதிரித் தூசி பறக்கும். மாஸ்க் போடச் சொல்லிச் சொல்லி முதலாளி அலுத்துவிட்டார். மூச்சு முட்டுகிறது என்று இரண்டு பேரும் கழற்றி மேசைக்கடியில் போட்டுவிட்டுப் பேசிக்கொண்டிருப்பார்கள். ராஜாம்பாள் இடது கையைத் தூக்காமலே வேலை செய்வதைக் கவனித்து, ஸ்டோர் ரூமுக்குள் இழுத்துப் போய் ரவிக்கையை அவிழ்க்கச் சொல்லிக் கட்டியைத் தொட்டுப் பார்த்தவள் அவள்தான். தூசி ஆகாது என்று ராஜாம்பாள் வேலையை விட்ட பிறகு, ஞாயிறு தவறாமல் வருவாள். கேட்டைத் திறக்க மாட்டாள். தெருவில் நின்றபடியே ஒரு வாரக் கதையையும் சொல்லிவிட்டு, "போயிட்டு வரேங்க்கா, மாத்திரையப் போட்டுக்க" என்று கிளம்பிவிடுவாள்.

சென்ற மாதம் ஒரு புதன்கிழமை காலை, பல் துலக்கிக்கொண்டிருந்த இடத்திலேயே பெரியநாயகியின் புருஷன் ராஜவேல் மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரி வரை கூடப் போகவில்லை. ராஜாம்பாளுக்கு அது ஊசி போட்ட எட்டாம் நாள்.

செய்தி கேட்டதும் எழுந்து புடவை மாற்றிக்கொண்டாள். ஒயர் கூடையை எடுத்தாள். கேட்டுக் கொக்கியில் கை வைத்தாள். தெருவில் ஒரு தலை கூட இல்லை. எல்லோரும் சாவுக்குப் போயிருந்தார்கள். அப்படியே நின்றுவிட்டு, உள்ளே வந்து காலண்டரைப் பார்த்தாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து கேவிக் கேவி அழுதாள். அன்று மாலை பெரியநாயகியின் வீடு இருக்கும் பூதாமூர்ப் பக்கமிருந்து பறைச் சத்தம் காற்றில் விட்டு விட்டு வந்தது. அது நிற்கும்வரை அவள் நாற்காலியை விட்டு எழவில்லை.

சவத்தை எடுத்த பிறகு கோவிந்தசாமி திரும்பி வந்து, பின்பக்கமே போய்த் தலை முழுகிவிட்டு, தள்ளி நின்று துண்டால் துவட்டினார்.

"பெரியநாயகி ஒன்னத்தான் கேட்டுச்சி. 'யக்கா எங்க, மாமா'ன்னுச்சி."

"நீங்க என்னா சொன்னீங்க?"

"ஒடம்பு சரியில்லன்னேன். 'அது தெரியும் மாமா'ன்னுச்சி. அப்பறம் ஓன்னு அழுவ ஆரம்பிச்சிடுச்சி. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

பெரியநாயகிக்குப் போன் செய்து பார்த்தாள். இரண்டு பக்கமும் அழுகைதான், ஒரு வார்த்தை இல்லை. சார்ஜ் தீர்ந்து அணைந்துபோனது. "போன்ல அழுதா காதுல மட்டுந்தான் வுழுவுது" என்று அதை வைத்துவிட்டாள்.

இந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பதினாறாம் நாள் காரியத்துக்குள் வந்து துக்கம் கேட்டுவிட வேண்டும். கேட்காதவர்கள் பிறகு முகத்தில் விழிக்கக் கூச்சப்படுவார்கள். அப்படியே பேச்சு நின்று, உறவே விட்டுப்போன வீடுகளை ராஜாம்பாளுக்குத் தெரியும். அவளே அப்படி இரண்டு பேரிடம் பேச்சை நிறுத்தியிருக்கிறாள். காலண்டரை மடியில் வைத்துக் கணக்குப் பார்த்தாள். வாட்ச்மேன் லீவு முடிய இன்னும் ஒரு வாரம் ஆகும். காரியத்துக்கு முதல் நாளே ஐந்தாவது ஊசி. அது போட்டால் நான்கு நாள் தலை தூக்க முடியாது. இடையில் கிடைப்பது ஒரு வாரம். அதில் போய்ச் சளியோ காய்ச்சலோ வாங்கிவந்தால் ஊசி தள்ளிப்போகும், போன முறை மாதிரி ஆனால் உயிரே போகும். போகாவிட்டால் பெரியநாயகி போய்விடுவாள்.

அன்பரசிக்குப் போன் போட்டாள்.

"பதினாலு நாள் தாண்டட்டும்மா. காய்ச்சல் இல்லன்னா போங்க. உள்ள போவாதீங்க, வெளியில காத்தாட நில்லுங்க. கால் மணி நேரம், அவ்ளோதான். யாரும் கட்டிப் புடிக்கக் கூடாது."

"சாவு வூட்டுலம்மா..."

"சாவு வூட்டுக்குத்தாம்மா சொல்றேன்."

அந்த ஒரு வாரத்தில் எந்த நாள் என்று யோசித்தாள். வியாழன் என்றால் நல்லூர்ப் பக்கத்துச் சொந்தமெல்லாம் வேன் வைத்துக்கொண்டு வரும். சனி, ஞாயிறு கேட்கவே வேண்டாம், தெருவே அடைத்துவிடும். திங்கள், செவ்வாய் என்றால் ஊசிக்கு ரொம்ப நெருக்கம். கடைசியில் அவளுக்கு ஒரு நாள் அகப்பட்டது. வெள்ளிக்கிழமை. அன்றைக்கு யாரும் துக்கம் கேட்கப் போக மாட்டார்கள். போகக் கூடாது.

கோவிந்தசாமி பொதுவாகக் குரல் உயர்த்தாதவர். அன்று உயர்த்தினார். "வெள்ளிக்கெழமயா? ஒனக்குப் புத்தி கெட்டுப் போச்சா? காறித் துப்புவாங்க."

"துப்பட்டும். தள்ளி நின்னுதான துப்புவாங்க."

"அது மனசுல என்னா நெனைக்கும்? மொத நாளு வரல. வர்றதும் ஆவாத நாளு."

ராஜாம்பாள் காலண்டரை அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள். "கூட்டம் இல்லாத நாளு அது ஒண்ணுதாங்க. நான் என்னா பண்ணட்டும்" என்றாள். தெரிந்த ஆட்டோவுக்குச் சொல்லிவிட்டு, ஈரத் துணியால் அவரே சீட்டைத் துடைத்து வைத்தார்.

வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டரை மணி, கிளம்பும் முன் தெர்மாமீட்டர் தொண்ணூற்றெட்டுக் காட்டியது. பூதாமூரில் தெருமுனையிலேயே ஆட்டோவை நிறுத்தச் சொல்லி இறங்கிக்கொண்டாள். வீட்டுவரை ஆட்டோவில் போகலாம்தான். சாவு வீட்டுக்குத் தெருமுனையிலிருந்து நடந்தே அவளுக்குப் பழக்கம். இருபது வீடு தூரத்துக்கு மூன்று இடத்தில் நின்றாள். மாஸ்க்குக்குள் மூச்சு வாங்கியது. தெருவில் ஒரு தலை இல்லை. பந்தலைப் பிரித்துவிட்டிருந்தார்கள். வாசலில் நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகளும், ஒன்றின் மேல் யாரோ மறந்து வைத்த டீ கிளாஸும் இருந்தன.

வேப்பமரத்தடியில் குடையோடு நின்று, "பெரியநாயகி" என்று கூப்பிட்டாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. இரண்டாம் முறை கூப்பிட்டபோது கதவு திறந்தது.

பெரியநாயகி பாதியாக இளைத்திருந்தாள். நெற்றி வெறுமையாக இருந்தது. வாசலில் நிற்பது யார் என்று கண்ணில் பட்டதும், "யக்கா" என்று கத்திக்கொண்டு, இரண்டு கையையும் விரித்தபடி படியிறங்கி ஓடி வந்தாள். மாதக்கணக்காகக் கேட்டுக்கு வெளியே நின்று பேசிவிட்டுப் போனவள்தான். அந்த நிமிஷத்தில் அவளுக்கு ஊசியும் தெரியவில்லை, ரத்தமும் தெரியவில்லை.

ராஜாம்பாள் குடையைத் தாழ்த்தி முன்னால் நீட்டினாள்.

"வராதம்மா. கிட்ட வராத."

குடைக் கம்பிக்கு ஒரு முழம் முன்னால் பெரியநாயகி நின்றாள். விரித்த கைகள் அப்படியே கொஞ்ச நேரம் இருந்தன. பிறகு ஒவ்வொன்றாகக் கீழே வந்தன. அவளுக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது முகத்தில் தெரிந்தது. பின்னாலேயே நான்கடி நகர்ந்து போய், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தொண்டையில் வந்த அழுகை அங்கேயே நின்றுபோயிருந்தது. ராஜாம்பாளுக்குத் தன் மேலேயே வெறுப்பாக இருந்தது. எத்தனை சாவில் எத்தனை பேரைக் கட்டிக்கொண்டு அழுதிருப்பாள், இவளைக் குடையால் தடுத்துவிட்டாளே.

வாசற்படியில் செத்துப்போனவரின் அக்கா விருத்தாம்பாள் வந்து நின்றாள். "இன்னிக்கி வெள்ளிக்கெழம. எடுக்குறப்ப வராதவ, பத்து நாளு கழிச்சி ஆவாத நாளுல வந்துகிட்டு, தொடக் கூட மாட்டாளாமா? நல்லாருக்குது நீ துக்கம் கேக்குற லட்சணம்."

"அண்ணி, நீங்க உள்ள போங்க. அதுக்கு ஒடம்பு முடியல" என்றாள் பெரியநாயகி. சொன்னாளே தவிர, நிமிர்ந்து பார்க்கவில்லை.

ராஜாம்பாள் குடையை மடக்கி வேப்பமரத்தில் சாய்த்தாள். ஒயர் கூடையைத் தரையில் வைத்தாள். மரத்தடியை விட்டு இரண்டடி முன்னால் வந்து வெயிலில் நின்றாள். அவளுடைய இரண்டு கைகளும் மெல்ல, கொண்டை இருந்த பின்னந்தலைக்குப் போயின.

பெரியநாயகி நிமிர்ந்தாள். "யக்கா, வாணாங்க்கா..."

முடிச்சு இறுகியிருந்தது. விரலில் தெம்பில்லாததால் கொஞ்ச நேரம் பிடித்தது. அவிழ்ந்ததும் துப்பட்டாவைத் தலையிலிருந்து உருவித் தோளில் போட்டுக்கொண்டு, மாஸ்க்குக்குள்ளிருந்தே குரலெடுத்து அழுதாள்.